கேட்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை: காரமடை வட்டார இளம் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை, பெரியநாயக்கன்பாளையம் பகுதிகளில் மென்பொருள் படிக்கும் மாணவர்களுக்கும், அங்கிருந்து கோவைக்கு வேலைக்குச் சென்றுவரும் இளம் நிரலாளர்களுக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்:

பெருமொழி மாதிரி என்பது, தன்முன் இருக்கும் எழுத்துத் தொடரைப் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வரக்கூடும் என்று கணிக்கும் நிரல். கணித்ததைத் தொடரோடு சேர்த்துக்கொண்டு மறுபடி அடுத்ததைக் கணிக்கும். இப்படியே பதில் நீண்டுகொண்டு போகும். அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். இணையப் பக்கங்களோடும் நூல்களோடும் பொதுவெளியில் கிடைக்கும் நிரல்களையும் கொடுத்துப் பயிற்றுவித்திருப்பதால், கட்டுரை எழுதுவதைப் போலவே பைத்தானும் ஜாவாவும் எஸ்கியூஎல்லும் அதனால் எழுத முடிகிறது. இன்று புழங்கும் மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பை கூகுள் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் 2017இல் வெளியிட்டார்கள். நிரலாளரின் எடிட்டருக்குள் பெருமொழி மாதிரி வந்து சேர்ந்தது 2021 ஜூனில், கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளியானபோது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தபின் கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் அது எட்டியது.

இந்தச் செயல்முறையிலிருந்தே எல்லாப் பயன்களும் எல்லாச் சிக்கல்களும் பிறக்கின்றன. மாதிரி தருவது வரக்கூடிய விடை. அது சரியான விடையாகவும் இருப்பது பல நேரங்களில் நடக்கிறது. அதனால்தான் அது பயன்படுகிறது. இரண்டும் பிரியும் இடத்தில் மாதிரியின் தொனி மாறுவதில்லை. தவறான நிரலும் அதே ஒழுங்கோடு, அதே உறுதியோடு, அழகான விளக்கக் குறிப்புகளோடு வந்து நிற்கும். பிரிந்துவிட்டது என்று கண்டுபிடிக்க வேண்டியவர் கேட்டவர்தான். ஆகவே, கற்க வேண்டிய திறன் கேட்பதில் சிறிதளவும் சரிபார்ப்பதில் பெருமளவும் இருக்கிறது.

மாதிரிகளின் திறன் எவ்வளவு என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் 164 சிறு கணக்குகளைக் கொண்ட ஹியூமன்ஈவல் என்ற தேர்வை உருவாக்கியது. அந்நிறுவனத்தின் கோடெக்ஸ் மாதிரி முதல் முயற்சியிலேயே 28.8 சதவீதக் கணக்குகளுக்குச் சரியாக நிரல் எழுதியது. 2023இல் வந்த எஸ்டபிள்யூஈ-பெஞ்ச் தேர்வு இன்னும் கடுமையானது. 12 பைத்தான் திட்டங்களில் உண்மையாகவே பதிவான 2,294 பிழைகளையும் கோரிக்கைகளையும் எடுத்து, முழு நிரல் தொகுதியையும் கொடுத்து, திருத்தச் சொன்னது. அன்றைக்கு முன்னணியில் இருந்த கிளாட் 2 தீர்த்தவை 2 சதவீதத்துக்கும் குறைவு. பிறகு அதிலிருந்து தேர்ந்தெடுத்த 500 சிக்கல்களின் பட்டியலில் 2025இல் புதிய மாதிரிகள் 70 சதவீதத்தைத் தாண்டின. வளர்ச்சி வேகமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த இரண்டு தேர்வுகளிலும் சரி, தவறு என்று தீர்ப்புச் சொன்னது எது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்கூட்டியே எழுதி வைத்த சோதனை நிரல்களே சொன்னன. அலுவலகத்தில் அப்படி ஒரு சோதனைத் தொகுப்பு தானாக வந்து நிற்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

வேலையின் வேகம் பற்றி இரண்டு ஆய்வுகள் சேர்த்துப் படிக்கத் தக்கவை. கோபைலட்டைக் கொண்டு நடந்த ஒரு சோதனையில், 95 நிரலாளர்களிடம் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறிய வெப் சர்வரைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். கருவி வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் விரைவாக முடித்தார்கள். 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட முடிவு நேர் எதிரானது. திறந்த மூலத் திட்டங்களில் பல ஆண்டு அனுபவம் உள்ள 16 பேர், தங்களுக்கு நன்கு பழக்கமான நிரல் தொகுதிகளில் 246 வேலைகளைச் செய்தார்கள். தொடங்கும் முன், கருவியால் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். முடித்தபின் 20 சதவீதம் மிச்சமானதாகச் சொன்னார்கள். கடிகாரமோ 19 சதவீதம் கூடுதலாகக் காட்டியது. 2025இன் தொடக்கத்தில் இருந்த கருவிகளைப் பற்றிய முடிவு அது. எக்காலத்துக்கும் பொருந்தும் விதி என்று கொள்ளக் கூடாது. ஆனாலும் வேகமாகப் போகிறோம் என்ற உணர்வை அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பதை அது தெளிவாகக் காட்டிவிட்டது.

இந்த இரண்டில் கொங்கு வட்டாரத்து வேலைக்கு நெருக்கமானது இரண்டாவது ஆய்வு. விளாங்குறிச்சி டைடல் பார்க்கிலும் சரவணம்பட்டி வளாகங்களிலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை நடக்கிறது. கோவை.கோ போல இங்கிருந்தே உலகுக்குப் பொருள் விற்கும் நிறுவனங்களும் உண்டு. இவற்றுக்கு வெளியே, அதிகம் பேசப்படாத இன்னொரு மென்பொருள் உலகம் இருக்கிறது. ஸ்பின்னிங் மில்லின் ஷிப்ட் கணக்கு, பவுண்டரியின் வார்ப்புக் கணக்கு, திருப்பூர் பனியன் கம்பெனியின் ஜாப் ஒர்க் பட்டியல், மேட்டுப்பாளையம் மண்டியின் ஏலச் சீட்டு ஆகியவற்றைச் சுமக்கும் நிரல்கள் அவை. அங்கே புதிதாக எழுதுவதைவிட, வேறு யாரோ எப்போதோ எழுதியதைப் புரிந்துகொண்டு, ஒரு மூலையை மட்டும் மாற்றி, மற்றது எதுவும் கெடாமல் பார்த்துக்கொள்வதே அன்றாட வேலை. மாதிரி மிக எளிதாகத் தடுமாறும் இடமும் அதுதான். அந்த நிரலின் வரலாறு அதற்குத் தெரியாது.

ஆகவே கற்றலுக்கு ஒரு வரிசை தேவைப்படுகிறது. முதலாவது, மாதிரி இல்லாமல் கற்க வேண்டியவை. மாறி, லூப், ஃபங்ஷன், அட்டவணைகளை இணைக்கும் எஸ்கியூஎல் வினவல், டீபக்கரில் வரி வரியாக நிறுத்திப் பார்ப்பது, கிட்டில் பழைய நிலைக்குத் திரும்புவது. இவை கையில் வராதவருக்கு மாதிரி எழுதித் தரும் நிரலைப் படிக்கவே முடியாது. படிக்க முடியாததைச் சரிபார்க்கவும் முடியாது. முதலாண்டு ஆய்வகப் பயிற்சிகள் அனைத்தையும் மாதிரி சில நொடிகளில் செய்து தந்துவிடும் என்பது ஆசிரியர், மாணவர் இருவருக்கும் தெரியும். அந்தப் பயிற்சிகளின் நோக்கம் விடையன்று. பகா எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரல் உலகில் எத்தனையோ இருக்கின்றன. இன்னொன்று எவருக்கும் தேவையில்லை. ஒரு முறை தவறாக எழுதி, ஏன் தவறு என்று அரை மணி நேரம் தேடிய மாணவரின் மனத்தில் உருவாகும் படம் மட்டுமே தேவை. அந்த அரை மணி நேரத்தை மாதிரியிடம் கொடுத்துவிடுவது பெரிய இழப்பு.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் ஜிபிடி-4ஐக் கொடுத்துப் பார்த்தார்கள். நேரடியாக விடை கேட்க முடிந்த குழு, பயிற்சியின்போது 48 சதவீதம் அதிக மதிப்பெண் பெற்றது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, தொடக்கத்திலிருந்தே கருவி இல்லாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாகப் பெற்றது. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு ஆசிரியர்கள் வடிவமைத்த மாதிரியைப் பயன்படுத்திய குழுவில் அந்தச் சரிவு பெரும்பாலும் காணப்படவில்லை. கணிதத்தில் கண்டது நிரலாக்கத்துக்கும் பொருந்தும் என்று எண்ண நல்ல காரணம் இருக்கிறது: இரண்டிலும் தானே முயன்ற நேரமே கல்வி. எனவே தொடக்கநிலை மாணவர் மாதிரியிடம், இந்தப் பிழைச் செய்தி எதைக் குறிக்கிறது, இந்த வரி ஏன் இருமுறை ஓடுகிறது, விடை சொல்லாமல் எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டு என்ற வகையில் கேட்பது நல்லது. தானே எழுதி ஓடவைத்த பிறகு, மாதிரியிடம் அதே கணக்கைக் கொடுத்து இரண்டு விடைகளையும் ஒப்பிடுவது இன்னும் நல்லது. அந்த ஒப்பீட்டில்தான் ஆசிரியர் இல்லாத இரவு நேரத்திலும் ஓர் ஆசிரியர் கிடைக்கிறார்.

இரண்டாவது, கேட்கும் முறை. பிராம்ப்ட் எழுதும் கலை என்று தனிப் படிப்பே விற்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி, தேவையைத் தெளிவாக எழுதும் பழைய திறமைதான். மண்டிக் கணக்குக்கு ஒரு நிரல் வேண்டும் என்று மட்டும் கேட்டால் மாதிரி மறுக்காது. ஓடக்கூடிய ஏதோ ஒன்றை எழுதித் தரும். சொல்லாமல் விட்ட இடங்களை எல்லாம் தன் கணிப்பால் நிரப்பும். வாழைத்தார் எண்ணிக்கையில் விற்கிறதா, எடையில் விற்கிறதா? கமிஷன் ஏலத் தொகையிலா, கழிவு போன பிறகா? சுமைக் கூலி விவசாயி பங்கா, வாங்குபவர் பங்கா? முன்பணம் வாங்கியவருக்கு எந்த வரிசையில் கழிப்பது? பைசாவை எந்தக் கட்டத்தில் முழுமையாக்குவது? ஒவ்வொரு கேள்விக்கும் மண்டிக்கு மண்டி விடை வேறு. பயிற்சித் தரவில் நிறைந்திருப்பவை மாதச் சம்பளமும் கடன் அட்டையும் கூரியரும் உள்ள வணிகங்களின் நிரல்கள். பீஸ் ரேட்டில் கணக்குப் போட்டு சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுக்கும் திருப்பூர்த் தையல் யூனிட்டுக்கு நிரல் கேட்டாலும், தெளிவாகச் சொல்லாவிட்டால் அது மாதச் சம்பளப் பட்டியலையே தரக்கூடும்.

எனவே கேட்பதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை: உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன வர வேண்டும், எந்த விதிகள், எந்த விதிவிலக்குகள், கையால் கணக்கிட்டுப் பார்த்த மூன்று நான்கு உதாரணங்கள். அந்த உதாரணங்கள் மிக முக்கியமானவை. மண்டிக்காரரின் சீட்டுப் புத்தகத்தில் இருக்கும் பழைய கணக்குகள் சிலவற்றைப் பெயர்களை நீக்கிக் கொடுத்தால், இரண்டு பக்க விளக்கம் செய்யாததை அவை செய்யும். இவற்றை வாங்கி வருவதில் இந்த வட்டாரத்து இளைஞர்களுக்கு இயல்பான வசதி இருக்கிறது. மண்டிக்காரரிடமோ மில் மேஸ்திரியிடமோ போய் உட்கார்ந்து, அவர் பேச்சில் அவர் கணக்கைக் கேட்டுப் புரிந்துகொள்ள எந்த மாதிரியாலும் இன்று முடியாது. அவர் சொல்லாமல் விட்டதையும் ஊர் வழக்கம் தெரிந்தவரால் கேட்டு வாங்க முடியும்.

தேவையைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கொடுக்கலாம். முன்பு தமிழுக்குச் செலவு மிக அதிகம். டோக்கன்களைப் பிரிக்கும் அட்டவணைகள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து உருவானதால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் பல துண்டுகளாகச் சிதறும். 2023இல் வெளிவந்த தமிழ்-லாமா மாதிரியில், அதன் மூல மாதிரியான லாமாவின் 32,000 டோக்கன் பட்டியலோடு 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான். 2024 மேயில் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், 116 டோக்கனாக இருந்த ஒரு தமிழ் வாசகம் 35 ஆகக் குறைந்திருந்தது. ஆகவே தெளிவாகச் சிந்திக்க வரும் மொழியில் தேவையை எழுதுவதே சரி. மாறிகளின் பெயர்களையும் பிழைச் செய்திகளையும் மட்டும் உள்ளபடியே விட்டுவிடலாம்.

மூன்றாவது, சரிபார்த்தல். இது விரிவாகச் சொல்ல வேண்டிய பகுதி. எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஊர்ப் பெயரைக் கொண்டே விளக்கலாம்.

காரமடை என்ற பெயரில் எழுத்துகள் நான்கு: கா, ர, ம, டை. பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் 6 என்று சொல்லும். யூனிகோடில் ககரமும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். டகரமும் ஐகாரக் குறியும் அப்படியே. யுடிஎஃப்-8இல் சேமித்தால் அதே பெயர் 18 பைட். இப்போது, ஒரு சொல்லைத் தலைகீழாக்கும் ஃபங்ஷனை மாதிரியிடம் கேட்டால், பெரும்பாலும் குறியீடுகளைத் திருப்பும் ஒரு வரி நிரல்தான் வரும். ஆங்கிலச் சொற்களுக்கு அது சரியாக வேலை செய்யும். காரமடையைக் கொடுத்தால், முன்னால் ஒட்டுவதற்கு எழுத்தில்லாத ஐகாரக் குறி ஒன்று தொங்க, பின்னால் டமராக என்று வரும். எழுத்து வாரியாகத் திருப்பினால் வர வேண்டியது டைமரகா.

சொல்லைத் திருப்புவது வகுப்பறைக் கணக்கு. பில் அச்சிடுவது அன்றாட வேலை. மேட்டுப்பாளையம் என்பது 8 எழுத்து, 15 குறியீடு. பில்லில் ஊர்ப் பெயருக்கு ஏழு இடம்தான் என்று வெட்டினால், மேட்டுப என்று புள்ளி உதிர்ந்து நிற்கும். தேடலில் வரும் சிக்கல் இதைவிட நுட்பமானது. கோவை என்ற சொல்லின் முதல் எழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். ககரம், ஏகாரக் குறி, துணைக்கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரல் ஒப்பிடும்போது இரண்டும் வேறு. ஒப்பிடும் முன் யூனிகோடு நார்மலைசேஷன் செய்யாவிட்டால், கோவை வாடிக்கையாளர்களில் சிலர் தேடலில் அகப்படவே மாட்டார்கள். பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்துவதிலும் இதே கதை: யூனிகோடு எண்வரிசையில் னகரம் பகரத்துக்கு முன் வருகிறது, றகரம் ரகரத்தை அடுத்து நிற்கிறது. தமிழ் அகர வரிசையில் றகரமும் னகரமும் கடைசி.

இவற்றுக்கெல்லாம் தீர்வு இருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுதும் எழில் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் மற்றவர்களும் சேர்ந்து வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூல லைப்ரரி, சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். கேட்டால் மாதிரிக்கும் அது தெரிந்திருக்கலாம். ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கே, தமிழ் எழுத்து கணினியில் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் மாதிரியிடம் நிரலைக் கேட்கும் முன்பே மூன்று சோதனைகளை எழுதிவிடுவார்: காரமடைக்கு நீளம் 4 வர வேண்டும், மேட்டுப்பாளையத்தை எங்கே வெட்டினாலும் புள்ளி உதிரக் கூடாது, இருவகைக் கோவையும் சமம் என்று வர வேண்டும். பிறகு மாதிரி எத்தனை நிரல்களை எழுதித் தந்தாலும் கவலையில்லை. சோதனையில் தேறியது நிற்கும்; மற்றது போகும். சோதனைகளையும் மாதிரியே எழுதட்டும் என்று விடுவது இந்த ஏற்பாட்டைக் குலைக்கிறது. தன் தவறான நிரல் என்ன தருகிறதோ அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும் சோதனையை அது எழுதக்கூடும். எதிர்பார்க்கும் விடையை மனிதர் எழுத வேண்டும். அதைச் சுற்றியுள்ள சடங்கு வரிகளை மாதிரி எழுதலாம்.

இன்னொரு வகைத் தவறு, காலம் கடந்த அறிவு. மாதிரியின் பயிற்சித் தரவு ஒரு தேதியோடு நின்றுவிடும். 2025 செப்டம்பர் 22க்கு முன்பு, ஓர் ஆடையின் விலை 1,000 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். அன்று முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. அந்தத் தேதிக்கு முன் பயிற்சி முடிந்த மாதிரியிடம் பனியன் கம்பெனிக்குப் பில் நிரல் கேட்டால், 1,400 ரூபாய் ஆடைக்கு 12 சதவீதம் போட்டுவிடும்; நிரலில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஓடும், அச்சாகும், வரிக் கணக்கில் மட்டும் தவறும். வரி விகிதம், குறைந்தபட்சக் கூலி, லைப்ரரியின் பதிப்பு எண் என மாறக்கூடிய எதையும் மாதிரியின் நினைவிலிருந்து எடுக்கக் கூடாது. அரசின் அறிவிக்கையைத் திறந்து படித்து, தேதியோடு ஓர் அட்டவணையில் வைத்து, நிரல் அங்கிருந்து எடுக்குமாறு செய்ய வேண்டும். பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் பழைய விகிதம்தான் வர வேண்டும் என்பதால், தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் அட்டவணையில் இருப்பது அவசியம்.

இல்லாத லைப்ரரியை இருப்பதாகச் சொல்வது மற்றொன்று. 16 மாதிரிகளிடமிருந்து 5,76,000 நிரல்களை வாங்கிப் பார்த்த ஓர் ஆய்வில், பரிந்துரைக்கப்பட்ட பேக்கேஜ்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகில் இல்லாதது. அப்படிக் கற்பனையாகப் பிறந்த வெவ்வேறு பெயர்கள் மட்டும் 2,05,474. இதில் ஆபத்து வேலை கெடுவதோடு நிற்பதில்லை. மாதிரிகள் ஒரே பொய்ப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கண்ட எவரேனும், அந்தப் பெயரில் தீங்கு நிரலைப் பதிவேற்றி வைக்கலாம். நிறுவும் கட்டளையை அடிக்கும் முன் அந்தப் பேக்கேஜை அதன் தளத்தில் தேடி, யார் எழுதியது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை எப்போதும் செலவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: 2021இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 89 சூழல்களில் கோபைலட் எழுதிய 1,689 நிரல்களை ஆராய்ந்து, சுமார் 40 சதவீதத்தில் ஊடுருவலுக்கு இடமிருப்பதைக் கண்டார்கள். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்கியூஎல் வாக்கியத்தில் ஒட்டுவது அவற்றில் பழகிய தவறு. மாதிரிகள் அதற்குப் பின் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் இத்தகைய இடங்களைக் கண் வைத்துப் பார்க்கும் கடமை குறையவில்லை.

நான்காவது, ஏஜென்ட். பதில் சொல்வதோடு நில்லாமல், கோப்புகளைத் தானே திறந்து, மாற்றி, கட்டளைகளை ஓட்டும் கருவிக்கு இந்தப் பெயர். சோதனைகளைத் தானே ஓட்டி, தோற்றால் திருத்தி, மறுபடி ஓட்டும் என்பதால் மிகப் பயனுள்ளது. அதே காரணத்தால் கவனம் தேவைப்படுவது. 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோர் ரெப்ளிட் தளத்தின் ஏஜென்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தபோது, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் அது நேரடிப் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு மீட்க முடிந்தது. அந்நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு, சோதனைத் தரவுத்தளத்தையும் நேரடித் தரவுத்தளத்தையும் பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். இந்த நிகழ்வு சொல்வது ஒன்றுதான்: செய்யாதே என்று எழுதுவது தடுப்பு ஆகாது. செய்ய முடியாதபடி வைப்பதே தடுப்பு. நேரடித் தரவுத்தளத்தின் கடவுச்சொல் ஏஜென்ட் இருக்கும் கணினியிலேயே இருக்கக் கூடாது. வேலை தனிக் கிளையில் நடக்க வேண்டும். ஒவ்வொரு சிறு படியும் கிட்டில் பதிவாக வேண்டும். காப்புப் பிரதியை உண்மையாகவே ஒருமுறை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஏஜென்ட் ஒரே மூச்சில் முப்பது கோப்புகளை மாற்றிவிடும். முப்பதையும் வரி வரியாகப் படிக்க எவருக்கும் பொறுமை இருக்காது. மேலோட்டமாகப் பார்த்து ஒப்புக்கொள்வார்கள். ஆகவே கேட்பதையே சிறிதாகக் கேட்க வேண்டும். முதலில் திட்டத்தை மட்டும் எழுதச் சொல்லி, அதைத் திருத்தி, பிறகு ஒவ்வொரு பகுதியாகச் செய்யச் சொல்வது நல்ல வழக்கம். தன் பெயரில் பதிவு செய்யும் நிரலில் எந்த வரியையாவது ஏன் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாதவர், அந்த வரியைப் பதிவு செய்யாமலிருப்பதே முறை. 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கார்ப்பதி, நிரலைப் பார்க்காமலே மாதிரி சொல்வதை ஏற்றுக்கொண்டு போகும் பாணிக்கு வைப் கோடிங் என்று பெயரிட்டார். வார இறுதியில் செய்து பார்த்துத் தூக்கிப் போடும் சிறு முயற்சிகளுக்கு என்று அவரே சொன்னார். நூறு பேரின் வாரச் சம்பளம் போடும் நிரல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

ஐந்தாவது, எதை வெளியே அனுப்பலாம் என்பது. 2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. சிறு அலுவலகங்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். பிழையைக் காட்டுவதற்காகத் தொழிலாளர் பட்டியலையே, ஆதார் எண்ணோடும் வங்கிக் கணக்கோடும், அப்படியே ஒட்டிவிடுவார்கள். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தன் கூலி விவரம் எங்கோ ஒரு சர்வருக்குப் போவது தெரியாத தையல்காரரின் நம்பிக்கை இருக்கிறது. அதே அமைப்பில் பொய்த் தரவை உருவாக்கித் தருமாறு மாதிரியிடமே கேட்கலாம். அந்த வேலையை அது நன்றாகச் செய்யும். வாடிக்கையாளரின் நிரலை வெளியே அனுப்பலாமா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து, இல்லாவிட்டால் அனுமதியை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கல்லூரிகளின் பங்கு பற்றி ஒரு சொல். 2022 மார்ச்சில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் தொழில்நுட்பப் பயிற்சிகளைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்திருக்கிறது. கருவிகளின் பெயர்கள் மாணவர்களுக்குப் புதிதல்ல. மாற வேண்டியது மதிப்பீடு. மாதிரியைத் தடைசெய்வதைவிட, மாணவர் கொடுத்த நிரலில் ஒரு விதியை மாற்றி, ஆசிரியர் முன் உட்கார்ந்து திருத்தச் சொல்வது மேல். பிழையுள்ள நிரலைக் கொடுத்து, தோற்கும் ஒரு சோதனையை எழுதச் சொல்வதும் நல்ல தேர்வு. அச்சிட்ட ரெக்கார்டு நோட்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை வைவாவுக்கு மாற்றினால்கூடப் போதும். படிப்பின் திசை மாறும்.

கடைசியாகச் செலவு. முன்னணி மாதிரிகளுக்கு மாதக் கட்டணம் உண்டு; இலவச வடிவங்களுக்கு வரம்பு உண்டு. எடைகள் வெளியிடப்பட்ட மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்ட வழி இருக்கிறது. அலிபாபா 2024இல் வெளியிட்ட குவென் 2.5 கோடர் போன்ற 700 கோடிக்கும் மேற்பட்ட அளவுருக்கள் கொண்ட மாதிரி, 4 பிட் அளவுக்குச் சுருக்கினால் 5 ஜிபிக்குள் அடங்கும். ஒல்லாமா என்ற கருவியைக் கொண்டு 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் நிறுவலாம். கிராஃபிக்ஸ் அட்டை இல்லாவிட்டால் பதில் மெதுவாக வரும். தரவு கணினியை விட்டு வெளியேறாது என்பதால், ஐந்தாவதாகச் சொன்ன ரகசியச் சிக்கலும் பெருமளவு தீர்கிறது. பெரிய மாதிரிகளைவிட இவை அடிக்கடி தவறும். கற்பவருக்கு அது குறையல்ல. பிழைகள் கண்ணில் படும்படி வருவதால் சரிபார்க்கும் பயிற்சிக்கு இவையே வசதி. ஆய்வகத்தில் ஒரு கணினியில் நிறுவி, உள் வலையமைப்பு வழியாக மற்ற கணினிகளுக்கும் கொடுத்தால், இணையம் நின்றுபோன நாளிலும் வகுப்பு நடக்கும்.